நான்காம் மூலை மரம்

ஜெர்மன்டவுன், பென்சில்வேனியா
1736 அக்டோபர் 9

என் அன்பு அப்பாவுக்கு,

உங்கள் வண்டி கிளப்பிய தூசி அடங்கும் முன்பே காகிதத்தை எடுத்துவிட்டாயா என்று ஹெப்ஸிபா அம்மாள் கேலி செய்கிறார். நீங்கள் போய் நான்கு நாளாகிவிட்டது. ஆனால் ஜன்னலில் நின்றால் எனக்கு இன்னும் அந்தத் தூசி தெரிகிறது.

வண்டிகளுக்குப் பின்னால் நடந்து போன அந்த ஜெர்மன் குடும்பங்களைப் பற்றியே நினைத்துக்கொண்டிருக்கிறேன். கப்பலை விட்டு இறங்கி ஒரு வாரம்கூட ஆகவில்லை அல்லவா? தரையும் ஆடும் என்று பயந்தவர்கள் போலக் கால்களை அகட்டி வைத்து நடந்தார்கள். ஒரு பெண் இரும்புச் சட்டியைத் தொப்பி மாதிரி தலையில் கவிழ்த்திருந்தாள். அவளுடைய கணவர் பெயர் பால்ட்ஸர். அவரிடம் நான் படித்து வைத்திருந்த ஜெர்மன் மொழியில், "நல்லபடியா போய்ச் சேருங்க" என்றேன். "நீ எங்க ஊர்ப் பொண்ணா?" என்று கேட்டார். இல்லை, நாங்கள் வேல்ஸ்காரர்கள், உங்களுக்கு நிலம் அளந்து கொடுக்கப் போகிறாரே கிரிஃபித், அவருடைய மகள் என்றேன். சட்டென்று தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றுவிட்டார். எனக்கு மிகவும் கூச்சமாகிவிட்டது. உங்களை ஏதோ பெரிய அதிகாரி என்று நினைத்துவிட்டார் போலிருக்கிறது. உங்கள் காலுறையில் எத்தனை ஓட்டை என்று அவருக்குத் தெரியாது, பாவம்.

அப்பா, வசந்தத்தில் நமக்கு நிலம் கிடைத்துவிடும் என்று சொன்னீர்களே, அது உறுதிதானே? அம்மா இறந்த பிறகு நாம் இருவரும் ஒரே கூரையின் கீழ் ஒரு மாதம் சேர்ந்தாற்போல் இருந்ததில்லை. நான் குறை சொல்லவில்லை. ஹெப்ஸிபா அம்மாள் நல்லவர். என்னைப் பதினெட்டு வயது வரை இங்கே தன் பள்ளியிலேயே வைத்துக்கொண்டு சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித்தர வைக்கலாம் என்று யோசிக்கிறாராம். நல்ல யோசனைதான். ஆனால் நான் அதைக் கேட்டபோது ரொட்டியைத் தின்ன முடியவில்லை.

உடனே எழுதுங்கள். நான்கு வரியில் முடிக்கக் கூடாது.

உங்கள் மகள்,
நெஸ்டா


ஓடைக்கரை முகாம்
நவம்பர் 2

நெஸ்டா குட்டிக்கு,

நான்கு வரிக்கு மேல் எழுதச் சொல்லியிருக்கிறாய். விரல் விறைத்திருக்கிறது, முயல்கிறேன்.

வந்து சேர்ந்தோம். பள்ளத்தாக்கு நல்ல பள்ளத்தாக்கு. நடுவே ஓடை, இரண்டு பக்கமும் காடு. முப்பது குடும்பத்துக்கும் முப்பது துண்டாகப் பிரித்திருக்கிறேன். எந்தத் துண்டு யாருக்கு என்பதைக் குடத்தில் கூழாங்கல் போட்டு எடுக்கச் சொன்னேன். ஒருவரும் முணுமுணுக்கவில்லை. இவர்கள் முணுமுணுப்பதே இல்லை. அது எனக்குக் கொஞ்சம் விசித்திரமாக இருக்கிறது.

துண்டின் ஒவ்வொரு மூலையிலும் நிற்கும் மரத்தில், நெஞ்சுயரத்தில் பட்டையைச் சீவி, கோடாலியால் மூன்று வெட்டு போடுகிறேன். அதுதான் எல்லை. கல்லுக்கும் வேலிக்கும் இங்கே நேரமில்லை, மரம்தான் சாட்சி. ஒவ்வொரு குடும்பத்தையும் கூட்டிக்கொண்டு போய் மரத்தைத் தொட்டுக் காட்டி, "இது உங்க நிலம்" என்று சொல்லிக் கை குலுக்குகிறேன். எனக்குத் தெரிந்த ஜெர்மன் அவ்வளவுதான்.

உன் கேள்விக்கு வருகிறேன். நில அலுவலகத்துத் துரை எனக்குச் சம்பளமாகப் பணம் தருவதாகச் சொல்லவில்லை. மே மாதத்துக்குள் முப்பது துண்டின் எல்லையும் அவர் வந்து பார்க்கும்போது சரியாக இருந்தால், முப்பத்தோராவது துண்டு நம்முடையது. பள்ளத்தாக்கின் மேல்கோடியில் இருக்கிறது. அதில் ஒரு ஊற்று உண்டு. குளிர்காலத்திலும் உறையாது. ஊற்றுக்கு மேலே தனியாக ஒரு வெள்ளை ஓக் மரம், மூன்று பேர் கைகோத்தாலும் கட்டிப்பிடிக்க முடியாது. அதுதான் நம் நான்காம் மூலை. மற்ற மூன்று மூலையிலும் குறி போட்டுவிட்டேன். இதில் போடவில்லை. நீ வந்து போடு. கோடாலியைத் தீட்டி வைக்கிறேன்.

போதுமா? பத்து வரியைத் தாண்டிவிட்டேன்.

அப்பா


ஜெர்மன்டவுன்
டிசம்பர் 4

அன்பு அப்பா,

மாவு வண்டிக்காரர் உங்கள் கடிதத்தைக் கொண்டு வந்தார். அதில் மாவு படிந்திருந்தது. ஓக் மரத்தைப் பற்றிய பகுதியை மட்டும் திரும்பத் திரும்பப் படித்ததில் அந்த இடத்து மாவு உதிர்ந்துவிட்டது.

கோடாலி பிடித்துப் பழகிக்கொண்டிருக்கிறேன். பயப்படாதீர்கள், சமையலறைக் கைக்கோடாலிதான். பள்ளிப் பெண்களைச் சேர்த்துக்கொண்டு கொல்லையை அளந்தேன். நீங்கள் நிலம் அளக்கும் சங்கிலிக்குப் பதில் துணி காயப்போடும் கயிறு. பாம்பு மாதிரி நெளிகிறது அது. கொல்லையின் வடிவம் சதுரம் இல்லை, சரிந்த சதுரம் என்று கண்டுபிடித்து ஹெப்ஸிபா அம்மாளிடம் சொன்னேன். "இருபது வருஷமா எனக்கு அது தெரியாமலா பாத்தி கட்டினேன்?" என்றார்.

வீட்டுக்குப் புதிதாக ஒரு வேலையாள் வந்திருக்கிறார். பெயர் யோஸ்ட். உங்கள் குடும்பங்கள் வந்த அதே கப்பலில் வந்தவர். கப்பல் கூலிக்காக மூன்று வருடம் உழைக்க வேண்டும். வாய் திறப்பதில்லை. சொன்னதைச் செய்வார், சொல்லாததைச் செய்ய மாட்டார். குளிரில் நடுங்கினாலும் விறகு போடவா என்று கேட்டுவிட்டுத்தான் அடுப்பில் போடுவார்.

ஒன்று கேட்க வேண்டும். ஹெப்ஸிபா அம்மாளின் வரைபடப் புத்தகத்தில் நீங்கள் இருக்கும் இடம் வெறும் வெள்ளையாக இருக்கிறது. உண்மையிலேயே அங்கே நமக்கு முன் யாரும் இல்லையா? உறையாத ஊற்றை யாருமே கண்டுபிடிக்காமல் இருந்திருப்பார்களா?

முத்தங்களுடன்,
நெஸ்டா


ஓடைக்கரை
ஜனவரி 20

நெஸ்டா,

இந்தக் கடிதம் நன்றாக இருக்காது.

வரைபடத்தை முடிக்க ஐந்து வாரம் கீழே ஆற்றோர ஊரில் தங்கியிருந்தேன். திரும்பி வந்து பார்த்தால் எல்லை மரங்கள் இல்லை. ஒன்றுகூட இல்லை. பள்ளத்தாக்கில் ஆயிரக்கணக்கான மரம் நிற்கிறது. அதையெல்லாம் விட்டுவிட்டு, நான் குறி போட்ட மரத்தை மட்டும் தேடித் தேடி வெட்டியிருக்கிறார்கள். நம் துண்டின் மூன்று மூலையும் போய்விட்டது. அதன் மேல் பனி இடுப்பளவு.

பால்ட்ஸரைப் பிடித்து, "ஏன்யா வெட்டினே?" என்று கத்தினேன். அவன் தொப்பியைக் கழற்றிக்கொண்டு தலைகுனிந்து நின்றான். எனக்குப் புரியாத எதையோ முனகினான். அதற்குள் மற்றவர்களும் தலைகுனிந்து வரிசையாக நின்றுவிட்டார்கள். நான் திரும்பி வந்துவிட்டேன்.

துரைக்கு ஆள் மூலம் செய்தி போய்விட்டது. இது திட்டமிட்ட வேலை, எல்லையை அழித்துவிட்டு ஆளுக்கு நாலு ஏக்கர் கூட எடுத்துக்கொள்ளும் தந்திரம் என்கிறார். பனி உருகியதும் நான் அறிக்கை எழுதித் தர வேண்டும். எழுதினால் இவர்களை வெளியேற்றிவிட்டு வேறு ஆட்களுக்குக் கொடுப்பார். நானும் அவர் சொல்வதைத்தான் நம்புகிறேன். வேறு எப்படி நம்புவது? காட்டுக்கு நடுவே இருந்துகொண்டு வீடு கட்டாமல் மண்ணில் குழி தோண்டி, வெட்டிய மரத்தை மேலே கூரையாகப் போட்டு ஒண்டிக்கொண்டு கிடக்கிறார்கள். கீழே விழுந்த சுள்ளியைப் பொறுக்கிக் குளிர் காய்கிறார்கள். பால்ட்ஸர் மனைவிக்கு இருமல் நிற்கவில்லை. இப்படிச் சோம்பேறிகளாகவும் இருந்துகொண்டு திருடவும் செய்தால் என்ன சொல்வது.

நம் நிலம் கிடைக்காது, குட்டி. நான் தெற்கே வர்ஜீனியாவுக்குப் போகிறேன், அங்கே அளக்க ஆள் தேடுகிறார்கள். இரண்டு மூன்று வருடமாகும். ஹெப்ஸிபா அம்மாளிடம் சரி என்று சொல்லிவிடு. ரொட்டியை ஒழுங்காகச் சாப்பிடு.

முன்பு யாராவது இருந்தார்களா என்று கேட்டிருந்தாய். ஊற்றருகே கறுத்த அடுப்புக் கற்கள் இருக்கின்றன. இங்கிருந்த பூர்வகுடிகளான லெனாப்பி மக்கள் விற்றுவிட்டுப் போனார்கள் என்று அலுவலகம் சொல்கிறது. விற்றவர்கள் யாரையும் நான் பார்த்ததில்லை.

அப்பா


ஜெர்மன்டவுன்
பிப்ரவரி 11

அப்பா,

அறிக்கையை எழுதாதீர்கள். எழுதியிருந்தால் அனுப்பாதீர்கள். முதலில் இதைப் படியுங்கள். நான் அழவில்லை, தெளிவாகத்தான் எழுதுகிறேன்.

உங்கள் கடிதம் வந்த அன்று நடந்ததைச் சொல்கிறேன். கைக்கோடாலியை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போனேன். ஓக் மரத்தில் போட முடியாத குறியை எங்கேயாவது போட்டுப் பார்க்க வேண்டும் போலிருந்தது. கொல்லையின் மூலையில் ஹெப்ஸிபா அம்மாளின் பேரிக்காய் மரம் நிற்கிறது. அவருடைய கணவர் கல்யாணத்தன்று நட்டது. அதில் பட்டையைச் சீவி, நீங்கள் சொன்னது போலவே நெஞ்சுயரத்தில் மூன்று வெட்டு போட்டேன். சின்ன வெட்டுதான், ஆறிவிடும் என்று நினைத்தேன்.

மறுநாள் பாடம் நடந்துகொண்டிருக்கும்போது கொல்லையில் பெரிய சத்தம். ஓடிப் போய்ப் பார்த்தால் பேரி மரம் கீழே கிடக்கிறது. யோஸ்ட் பக்கத்தில் நின்று வியர்வையைத் துடைத்துக்கொண்டிருக்கிறார். அப்பா, அவர் முகத்தில் திருட்டுத்தனம் துளிகூட இல்லை. வேலையை நன்றாக முடித்த முகம்.

ஹெப்ஸிபா அம்மாள் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். பிறகு என்னிடம், "கேளு அவன்கிட்ட. ஏன்னு கேளு" என்றார்.

கேட்டேன். அவர் என்னைத்தான் விசித்திரமாகப் பார்த்தார்.

"குறி போட்டிருந்துச்சே, சின்னம்மா. அதான் வெட்டினேன்."

அவர்கள் ஊரில் காடு முழுவதும் பிரபுவுடையதாம். குடியானவன் ஒரு பச்சைக் கிளையை ஒடித்தால்கூடச் சிறை. வருடத்துக்கு ஒரு முறை வனக்காவலர் வந்து, எந்த மரத்தை வெட்டலாமோ அதில் பட்டையைச் சீவிக் குறி போட்டுவிட்டுப் போவார். குறி போட்ட மரத்தை மட்டும்தான் தொடலாம். போட்டதை வெட்டாமல் விட்டாலும் தப்பாம். "எங்க மாமா குறியில்லாத ஒரு மரத்தை வெட்டினாரு. அவர மறுபடி நாங்க பாக்கவே இல்ல" என்றார் யோஸ்ட்.

அப்பா, புரிகிறதா? நீங்கள் குறி போட்டபோது அவர்கள் உங்களை வனக்காவலர் என்று நினைத்துவிட்டார்கள். மரத்தைத் தொட்டுக் காட்டிக் கையும் குலுக்கினீர்கள். நீங்கள் சொன்னதைத்தான் செய்தார்கள். மற்ற மரங்களை ஏன் தொடவில்லை என்றால் அவற்றில் குறி இல்லை. சோம்பேறித்தனத்தால் குழியில் கிடக்கவில்லை. ஆயிரம் மரத்துக்கு நடுவே, வெட்ட அனுமதி இல்லை என்று நினைத்துக் குளிரில் கிடக்கிறார்கள். அந்த அம்மா இருமிக்கொண்டே கிடக்கிறார்.

கோபித்துக்கொள்ளாதீர்கள், ஒன்று சொல்கிறேன். "இது உங்கள் நிலம்" என்று சொன்னீர்கள். மரமும் அவர்களுடையது என்று சொன்னீர்களா?

இன்னொன்றும் தோன்றுகிறது. குறி போட்டதைத் தவிர அவர்கள் வேறு எதையும் வெட்டவில்லை என்றால், வெட்டியது போகப் பனிக்கு அடியில் நிற்கும் ஒவ்வொரு அடிமரமும் ஒரு மூலைதானே?

கீழே ஜெர்மன் மொழியில் ஒரு வாக்கியத்தை நம் எழுத்தில் எழுதியிருக்கிறேன். "மரங்களும் உங்களுடையவை, எதை வேண்டுமானாலும் வெட்டலாம்" என்று அர்த்தம். போய் உரக்கப் படியுங்கள். இன்றைக்கே போங்கள். நிலம் அப்புறம்.

பேரி மரத்தில் குறி போட்டது நான்தான் என்று ஹெப்ஸிபா அம்மாளிடம் சொல்லிவிட்டேன். அவர் விழுந்து கிடந்த மரத்தை ஒரு முறை சுற்றி வந்தார். பிறகு, "உங்க அப்பாவுக்குக் கடுதாசி எழுதணும்ல, போய் எழுது. திட்டுறத நாளைக்குத் திட்டிக்கிறேன்" என்றார்.

நெஸ்டா


ஓடைக்கரை
மார்ச் 27

என் கண்ணே,

உன் கடிதம் வந்தபோது அறிக்கை பாதி எழுதியிருந்தேன். அதை வைத்து அடுப்பு மூட்டினேன்.

நேராகப் பால்ட்ஸரின் குழிக்குப் போனேன். உன் வாக்கியத்தைப் படித்தேன். என் உச்சரிப்பு எப்படி இருந்ததோ, குழிக்குள் இருந்து அவன் மனைவி ஒட்டிலியா இருமலுக்கு நடுவே சிரித்துவிட்டாள். பால்ட்ஸர் சிரிக்கவில்லை. இன்னொரு முறை படிக்கச் சொன்னான். படித்தேன். உள்ளே போய் ஒரு பலகைத் துண்டை எடுத்து வந்தான். என் மூன்று வெட்டு அதில் இருந்தது. குறி இருந்த பகுதியை மட்டும் தனியாக அறுத்து, தேய்த்துத் துடைத்து, வேதப் புத்தகத்துக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறான். வனக்காவலர் வந்து கேட்டால் அனுமதியோடுதான் வெட்டினோம் என்று காட்டுவதற்கு. ஒவ்வொரு குடும்பத்திடமும் அப்படி இருக்கிறது. நான் கத்தியபோது, வெட்டியது போதாது என்று கத்துகிறேனோ என்று பயந்தார்களாம்.

கொஞ்சம் ஜெர்மன், கொஞ்சம் கைஜாடை. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவன் பக்கத்தில் நின்ற சின்ன மேப்பிள் மரத்தைக் காட்டினான்.

"இதையுமா?"

"அதையும்தான்."

"யாரையும் கேக்காமயா?"

"உன் பெண்டாட்டிய மட்டும் கேளு" என்றேன். அந்த அளவு ஜெர்மன் எப்படி வந்தது என்று எனக்கே தெரியவில்லை. அவன் கோடாலியை எடுத்தான். ஆனால் ஓங்கிய கை இறங்க நேரமாயிற்று, நெஸ்டா. கண்ணை மூடிக்கொண்டுதான் முதல் வெட்டு வெட்டினான். அன்று மாலைக்குள் பள்ளத்தாக்கு முழுக்கக் கோடாலிச் சத்தம். இப்போது பதினேழு வீட்டுக்குச் சுவர் எழும்பிவிட்டது. ஒட்டிலியா எழுந்து நடக்கிறாள்.

அடிமரம் பற்றி நீ சொன்னது சரி. பனி உருகியதும் ஒவ்வொருவனையும் அவன் வெட்டிய இடத்தில் குறிப்பலகையோடு நிற்கச் சொன்னேன். ஆனால் துரை வந்தபோது ஒப்பவில்லை. "அடிமரம் எதுக்குச் சாட்சி? நேத்து வெட்டிட்டு இதான் மூலைன்னு சொன்னா நான் நம்பணுமா? நிக்கிற மரம் ஒண்ணு காட்டு" என்றார்.

நிற்கிற மரம். முப்பத்தொரு துண்டில் நான் அடையாளம் சொல்லக்கூடிய மூலை மரம் ஒன்றே ஒன்றுதான் நின்றது. நீ வந்து போட வேண்டும் என்று குறி போடாமல் விட்டேனே, அது. குறி இல்லாததால் ஒருவரும் தொடவில்லை. அலுவலக வரைபடத்திலும் 'ஊற்றுக்கு மேல் தனி வெள்ளை ஓக்' என்று இருந்தது. துரையே விரலை வைத்துப் பார்த்தார்.

அங்கிருந்து சங்கிலியைப் போட்டோம். நான் ஒரு முனை, துரையின் ஆள் மறுமுனை. கீழே இறங்கி, ஓடையைத் தாண்டி, வரைபடத்தில் சொன்ன தூரம் அளந்து முடிந்தது. முடிந்த இடத்தில் பால்ட்ஸர் தன் அடிமரத்தின் மேல் உட்கார்ந்திருந்தான். அடுத்ததும் அப்படியே. நான்காவதற்குப் பிறகு துரை நடப்பதை நிறுத்திவிட்டுக் குதிரையில் ஏறிக்கொண்டார். "போதும்யா. கையெழுத்துப் போட்டுத் தரேன்" என்றார்.

முப்பத்தோராவது துண்டு நம்முடையது, குட்டி.

மரமும் உங்களுடையது என்று நான் ஏன் சொல்லவில்லை என்று கேட்டிருந்தாய். சொல்லத் தோன்றவில்லை. அவர்கள் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. இருமல் சத்தத்தை ஒரு மாதம் கேட்டுக்கொண்டே இருந்தேன். ஏன் விறகு வெட்டவில்லை என்று ஒரு முறை கேட்டிருக்கலாம்.

வண்டி அனுப்புகிறேன். கோடாலி தீட்டித் தயாராக இருக்கிறது.

உன் அப்பா


ஜெர்மன்டவுன்
ஏப்ரல் 16

என் அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தை ஹெப்ஸிபா அம்மாளுக்கும் யோஸ்டுக்கும் இரண்டு மொழியில் படித்துக் காட்டினேன். பால்ட்ஸர் கண்ணை மூடிக்கொண்டு வெட்டிய இடத்தில் யோஸ்ட் எழுந்து வெளியே போய்விட்டார். மூக்கைச் சிந்தும் சத்தம் கேட்டது.

அவர் சும்மா இருக்கவில்லை அப்பா. வெட்டிய அன்றே பேரி மரத்தின் இளங்குச்சிகளை எடுத்து நிலவறையில் ஈர மணலில் புதைத்து வைத்திருக்கிறார். இப்போது வேறொரு கன்றில் அவற்றை ஒட்டுக்கட்டியிருக்கிறார். ஒன்று துளிர்த்துவிட்டது. ஹெப்ஸிபா அம்மாள் தினமும் அதன் பக்கத்தில் நின்று அதைத் திட்டுகிறார், சீக்கிரம் வளரச் சொல்லி. இன்னும் இரண்டு குச்சிகளை ஈரத்துணியில் சுற்றி நமக்கென்று தந்திருக்கிறார். "உன் நிலத்துல வை. காய்ச்சா எனக்கு ஒரு கூடை வரணும். அதுதான் நீ போட்ட குறிக்குத் தண்டம்" என்றார். நான் அவரைக் கட்டிக்கொண்டேன். அவருக்கு அதெல்லாம் பிடிக்காது. ஆனால் விலகவில்லை. என் பெட்டியில் அவருடைய வரைபடப் புத்தகத்தை வைத்துவிட்டு, வைக்கவில்லை என்று சாதிக்கிறார். அந்த வெள்ளை இடத்தில் பென்சிலால் ஓடை வரைந்திருக்கிறேன். கறுத்த அடுப்புக் கற்களையும் வரைந்துவிட்டேன். அங்கே அடுப்பு மூட்டியவர்களில் ஒருவரின் பெயரும் எனக்குத் தெரியாது, கற்களையாவது வரையலாம் என்று நினைத்தேன்.

வெள்ளிக்கிழமை வண்டி கிளம்புகிறது. வழியில் மழை இல்லையென்றால் அடுத்த வாரம் வந்துவிடுவேன். உங்களுக்குப் புதுக் காலுறை பின்னியிருக்கிறேன், ஒன்று மற்றதைவிடக் கொஞ்சம் நீளம்.

கோடாலியைப் பற்றி ஒன்று. மாதக்கணக்காக அதற்குத்தான் காத்திருந்தேன், உங்களுக்குத் தெரியும். ஆனால் யோசித்துப் பார்த்தேன். அந்த ஊற்றில் நமக்கு முன்னால் எத்தனையோ பேர் தண்ணீர் குடித்திருப்பார்கள். அந்த மரத்தடியில் அடுப்பு மூட்டியிருப்பார்கள். ஒருவர்கூட அதில் குறி வைக்கவில்லை. அதனால் ஊற்றுக்கு வழி தெரியாமலா போய்விட்டது அவர்களுக்கு?

கோடாலியை விறகுக்கு வைத்துக்கொள்ளுங்கள். அந்த மரத்தில் குறி வேண்டாம். அது எங்கே நிற்கிறது என்று இப்போது பள்ளத்தாக்கு முழுவதற்கும் தெரியும். நீங்கள் மட்டும் அதன் கீழே நில்லுங்கள், வண்டி வளைவில் திரும்பும்போது எனக்குத் தெரிகிற மாதிரி.

உங்கள்
நெஸ்டா